அடுப்படிக் கேள்வி பதில்: ஜப்பான் மாட்டிறைச்சியும் நம் ஊர் ஆசைகளும்

நுவரெலியாவிலும் பிறகு டுபாயிலும் ஹோட்டல்களின் இறைச்சிப் பகுதியில் வேலை பார்த்து, இப்போது ஹட்டனில் இருந்து இளைஞர்களுக்குத் தொழில் பழக்கும் சமையல் மாஸ்டர், வாசகர்களுக்குப் பதில் சொல்கிறார். இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல், வாக்யூ எனும் ஜப்பான் மாட்டு வகையின் இறைச்சி பற்றியவை.

கேள்வி: மாஸ்டர், என்னோடு படித்த நண்பன் ஜப்பானில் ஓர் இறைச்சிக் கம்பனியில் வேலை செய்கிறான். அவன் வாக்யூ மாட்டிறைச்சியை அனுப்பினால் நான் கொழும்பில் இறக்கி மாலைதீவு ஹோட்டல்களுக்கு விற்கலாம் என்று இருக்கிறேன். மாலைதீவு பக்கத்தில்தானே? வீட்டுப் பத்திரத்தை வைத்துக் கடன் எடுக்க அப்பாவும் சம்மதித்துவிட்டார். எவ்வளவு முதல் வேண்டும், என்னென்ன கடதாசி வேண்டும்?
வாசகர், மஸ்கெலியா

பதில்: தம்பி, வீட்டுப் பத்திரம் இப்போதைக்குப் பெட்டிக்குள்ளேயே இருக்கட்டும். உங்கள் யோசனையைக் கெட்ட யோசனை என்று சொல்ல மாட்டேன். கொழும்பிலிருந்து மாலேக்கு ஏறக்குறைய ஒன்றரை மணி நேரப் பறப்பு. தீவுக்கு ஒரு ஹோட்டல், ஹோட்டல் நிறையக் காசு செலவழிக்க வந்த விருந்தாளிகள். வாங்க ஆள் இருக்கிறது. ஆனால் இந்த இறைச்சியை ஒரு நாட்டில் இறக்கி, அங்கிருந்து நினைத்த பக்கம் திருப்பிவிட முடியாது. உங்கள் கணக்கு அந்த இடத்தில்தான் இடிக்கிறது.

ஜப்பானிலிருந்து மாட்டிறைச்சி வெளியே போக வேண்டுமென்றால், வாங்கும் நாட்டு அரசாங்கத்தோடு ஜப்பான் முன்கூட்டியே நிபந்தனை பேசி முடித்திருக்க வேண்டும். எந்த அறுப்புச்சாலையில் அறுத்தது எந்த நாட்டுக்குப் போகலாம் என்பதற்கும் பட்டியல் உண்டு. அமெரிக்காவுக்கு அனுமதி பெற்ற இடத்தில் அறுத்ததை டுபாய்க்கு அனுப்ப முடியாமல் போகலாம். பொதி கிளம்பும்போது ஜப்பானின் விலங்குத் தொற்றுத்தடுப்பு அதிகாரிகள் சுகாதாரச் சான்றிதழ் கொடுப்பார்கள். அது குறிப்பிட்ட நாட்டின் நிபந்தனைக்கு எழுதப்பட்ட கடதாசி. இலங்கைக்கு என்று எழுதியதைக் காட்டி மாலேயில் பொதியை எடுக்கலாம் என்று நண்பன் சொன்னால், அதை எழுத்தில் கேட்டு வாங்குங்கள். எழுத்தில் வராது என்பது என் கணிப்பு.

இன்னொரு சங்கடமும் இருக்கிறது. நம் நாட்டு மாடுகளில் கோமாரி ஓய்ந்தபாடில்லை. அதே கோமாரி 2010இல் ஜப்பானின் மியாசாகி மாகாணத்தில் வந்தபோது, மாடும் பன்றியுமாக ஏறக்குறைய 290,000 உயிர்களைக் கொன்று புதைத்தார்கள். வெளிநாட்டு விற்பனையும் நின்றது. அந்த அளவுக்கு இந்த நோயைப் பயந்து நடக்கிற வியாபாரம் இது. கோமாரி இருக்கும் நாட்டில் பொதியைப் பிரித்து, வெட்டி, மறுபடி பொதி செய்த இறைச்சியை மூன்றாவது நாடு என்ன கண்ணோடு பார்க்கும் என்று யோசியுங்கள்.

ஆகவே வரிசை இப்படி இருக்க வேண்டும். முதலில் மாலேயில் ஓர் இறக்குமதியாளரைப் பிடியுங்கள். ஜப்பான் மாட்டிறைச்சியை இன்று அவர் நாட்டுக்குள் எடுக்க முடியுமா, எந்த நிபந்தனையில் என்று அவரிடம் கேளுங்கள். மாலைதீவு முஸ்லிம் நாடு, ஹலால் சான்றிதழ் இல்லாத இறைச்சியை நினைக்கவே வேண்டாம். ஜப்பானில் ஹலால் முறையில் அறுக்கும் இடங்கள் கொஞ்சம்தான், அங்கே அறுத்ததாக இருக்க வேண்டும். இலங்கைக்குள்ளும் விற்க நினைத்தால், பேராதனையில் இருக்கும் கால்நடை உற்பத்தி சுகாதாரத் திணைக்களத்திடம் நேரில் போய்க் கேளுங்கள். 1992ஆம் ஆண்டின் 59ஆம் இலக்க விலங்கு நோய்கள் சட்டம் அவர்கள் கையில்தான் இருக்கிறது. அனுமதிப்பத்திரம் கையில் கிடைத்த பிறகுதான் பொதி அங்கிருந்து கிளம்ப வேண்டும். பொதி கட்டுநாயக்கவுக்கு வந்த பிறகு அனுமதி தேடி ஓடுகிறவர்களின் சரக்கு என்ன ஆகும் என்று எந்தக் கிளியரிங் ஏஜென்டிடமும் கேட்டுப் பாருங்கள்.

சட்டம் ஒரு நிலையில் நிற்பதில்லை என்பதையும் மனதில் வையுங்கள். 2020 செப்டெம்பரில் மாடறுப்பை நிறுத்தி, சாப்பிடுகிறவர்களுக்கு இறைச்சியை இறக்குமதி செய்வோம் என்று இதே நாட்டில் அமைச்சரவை முடிவெடுத்தது. அதைக் கேட்டு இறைச்சி இறக்குமதிக்குக் கனவு கண்டவர்களை எனக்குத் தெரியும். இரண்டு வருடத்தில் டொலர் இல்லாமல் எத்தனையோ பொருட்களின் இறக்குமதி நின்றது. பால்மாவுக்கே வரிசையில் நின்றோம். அப்படி ஒரு காலம் திரும்பினால் முதலில் நிறுத்தப்படுவது உங்கள் வாக்யூவாகத்தான் இருக்கும்.

இனிக் காசு. நண்பன் விலை சொல்லும்போது எந்தத் துண்டுக்குச் சொல்கிறான் என்று கேட்டீர்களா? ஜப்பான் கறுப்பு மாட்டை அறுத்துத் தோலும் குடலும் நீக்கினால் ஏறக்குறைய 500 கிலோ தேறும். ஹோட்டல்காரர்கள் கேட்பதோ முதுகை ஒட்டிய மென்மையான துண்டுகளான ஸ்ட்ரிப்லொய்ன், ரிப் ஐ, டெண்டர்லொய்ன் மூன்றுதான். டெண்டர்லொய்ன் ஒரு பக்கத்துக்கு 6, 7 கிலோ. மீதி எல்லாம் தோள், தொடை, வயிற்றுப் பகுதி. ஜப்பானில் அவற்றை மெல்லிய இதழாகச் சீவிச் சுக்கியாக்கி, ஷாபு ஷாபு என்ற சட்டிச் சமையல்களுக்கு விற்றுவிடுவார்கள். நீங்கள் மாலேயில் அதை யாருக்கு விற்பீர்கள்? டுபாயில் எங்களுக்கு இறைச்சி தந்த வியாபாரிகளில் நிலைத்து நின்றவர்கள், இந்த மீதித் துண்டுகளுக்கு வாடிக்கை பிடித்தவர்கள்தான். பர்கர் கடைக்குக் கொழுப்பும் சதையும் கலந்த அரைத்த இறைச்சி, கொரியக் கடைக்குச் சீவல், இப்படி ஒவ்வொன்றுக்கும் ஓர் ஆள் வைத்திருந்தார்கள். நல்ல துண்டை மட்டும் வாங்கினால் கிலோ விலை ஏறும். எல்லாத் துண்டையும் வாங்கினால் குளிரறை நிறையும். லாபமும் நட்டமும் இந்த இரண்டுக்கும் நடுவில்தான்.

குளிரும் செலவுதான். உறையவைத்த இறைச்சி என்றால் மறை 18 பாகை, வழி முழுக்க. உறையவைக்காத இறைச்சி என்றால் பூச்சியத்தை ஒட்டி, விமானத்தில். அதற்கு விலை கூட, ஆனால் விற்று முடிக்கச் சில வாரங்கள்தான் கையில் இருக்கும். ஜப்பானுக்கு யென்னில் கொடுத்து, மாலேயில் டொலரில் வாங்கி, இங்கே ரூபாயில் கடன் அடைக்கும் மனிதன் மூன்று நாணயத்தின் ஏற்ற இறக்கத்தையும் தலையில் சுமக்கிறான். உங்கள் அப்பாவின் வீடு அந்தச் சுமையைத் தாங்காது.

எவ்வளவு முதல் என்று கேட்டீர்கள். பொருளை வாங்காமல் இந்தத் தொழிலுக்குள் போகும் வழியைச் சொல்கிறேன். நண்பனின் கம்பனி ஏற்றுமதி செய்கிற கம்பனியா என்று பாருங்கள். அப்படியென்றால் மாலே இறக்குமதியாளரையும் அவர்களையும் நேரடியாகச் சேர்த்து வையுங்கள். பொதி ஜப்பானிலிருந்து மாலேக்கே போகட்டும். உங்களுக்குக் கொமிஷன். எழுத்தில் ஒப்பந்தம் போடுங்கள். இரண்டு மூன்று வருடம் யார் எதை, எந்த மாதம் வாங்குகிறார்கள் என்று படித்துக்கொண்டால், அதன் பிறகு வங்கிக்குப் போகலாம். நண்பன் லீவில் வரும்போது சூட்கேஸில் நாலு கிலோ மாதிரிக்கு எடுத்து வரட்டும் என்ற யோசனை இருந்தால், தயவுசெய்து விடுங்கள். கடதாசி இல்லாமல் விமான நிலையத்தில் பிடிபடும் இறைச்சி அவனுடைய வேலையையும் விசாவையும் சேர்த்துக் கொண்டுபோகும்.

கேள்வி: நான் நுவரெலியாவில் ஒரு ஹோட்டலில் பரிமாறும் வேலை செய்கிறேன். மெனுவில் கோபே பீஃப் என்று போட்டிருக்கிறது. ஏப்ரல் சீசனில் வந்த வெள்ளைக்காரர் ஒருவர் இது உண்மையான கோபேயா என்று கேட்டார். எனக்குப் பதில் தெரியவில்லை. நான் என்ன சொல்லியிருக்க வேண்டும்?
வாசகர், நானுஓயா

பதில்: “செஃபிடம் கேட்டு வந்து சொல்கிறேன் சேர்” என்று சொல்லிவிட்டுக் குசினிக்குள் போய், அந்த இறைச்சி வந்த பெட்டியின் லேபலைப் பார்த்திருக்க வேண்டும். உண்மை அதில் இருக்கும்.

கோபே என்பது ஹியோகோ மாகாணத்தில் பிறந்து, அங்கேயே வளர்ந்து, அங்கேயே அறுக்கப்பட்ட தாஜிமா வழி மாட்டின் இறைச்சி. அந்தப் பெயரைக் காக்க 1983இல் ஒரு சங்கம் அமைத்தார்கள். ஹியோகோவில் பிறந்தால் மட்டும் போதாது. அறுத்த பிறகு கொழுப்புப் படிவு எவ்வளவு என்று பார்க்கிறார்கள். 1 முதல் 12 வரை உள்ள அளவில் 6ஐத் தொடாவிட்டால் கோபே முத்திரை கிடையாது. வருடத்துக்குச் சில ஆயிரம் மாடுகளுக்குத்தான் அந்த முத்திரை விழுகிறது, அதில் பெரும்பகுதியை ஜப்பானியரே சாப்பிட்டுவிடுகிறார்கள். வெளிநாட்டுக்கு விற்கத் தொடங்கியதே 2012இல்தான். அதற்கு முன் உலகம் முழுக்க எத்தனை ஹோட்டல் மெனுவில் கோபே இருந்தது என்று நினைத்துப் பாருங்கள்.

உண்மையான கோபேயோடு அந்த மாட்டின் பத்து இலக்க அடையாளமும் சான்றிதழும் வரும். இலக்கத்தை இணையத்தில் போட்டால் மாடு பிறந்த திகதி, ஆணா பெண்ணா, வளர்ந்த பண்ணை, அறுத்த இடம் எல்லாம் வரும். உங்கள் ஹோட்டல் பெட்டியில் அவுஸ்திரேலியா என்று எழுதியிருந்தால், அது ஜப்பான் மாட்டின் வழிவந்த வாக்யூ. பல நேரம் அங்கஸ் என்ற வேறு இன மாட்டோடு கலந்த கலப்பு. நல்ல இறைச்சிதான், நானே எத்தனையோ ஆயிரம் துண்டு வெட்டியிருக்கிறேன். ஆனால் அது கோபே ஆகாது.

ஜப்பான் மாட்டிறைச்சிக்குப் போடும் ஏ5 என்ற தர முத்திரையிலும் குழப்பம் இருக்கிறது, அதையும் தெரிந்துகொள்ளுங்கள். முன்னால் உள்ள எழுத்து உடலில் எத்தனை வீதம் இறைச்சி தேறும் என்பதைச் சொல்கிறது. 72 வீதமும் அதற்கு மேலும் என்றால் ஏ. சாப்பிடுகிறவருக்கு அதனால் ஒன்றுமில்லை. பின்னால் உள்ள 5தான் தரம். ஆறாவது ஏழாவது விலா எலும்புக்கு நடுவே வெட்டி, கொழுப்புப் படிவு, இறைச்சியின் நிறம், இறுக்கம், கொழுப்பின் நிறம் ஆகிய நான்கையும் பார்ப்பார்கள். நான்கில் எது ஆகக் குறைவோ அதுவே தரம். கொழுப்புப் படிவில் 12க்கு 12 வாங்கிய மாடும் நிறத்தில் 5க்கு 4 வாங்கினால் தரம் 4தான். இந்த நேர்மை எனக்கு மிகவும் பிடிக்கும். அவுஸ்திரேலியாவில் அளவு முறை வேறு, 0 முதல் 9 வரை. அங்கே 9 என்று எழுதியதை இங்கே ஏ5 என்று மெனுவில் மாற்றி எழுதக் கூடாது.

உங்கள் மெனுவை மாற்றும் அதிகாரம் உங்களுக்கு இல்லை என்பது எனக்குத் தெரியும். செஃபிடம் தனியாகப் போய், “விருந்தாளி கேட்கிறார் செஃப், அவுஸ்திரேலிய வாக்யூ என்றே போடுவோமா” என்று மரியாதையாகக் கேளுங்கள். நல்ல செஃப் கேட்டுக்கொள்வார். விருந்தாளி மறுபடி கேட்டால் லேபலில் உள்ளதைச் சொல்லுங்கள். உங்கள் வாயிலிருந்து பொய் வர வேண்டிய தேவை எந்தச் சம்பளத்திலும் எழுதப்படவில்லை.

கேள்வி: ஐயா, எங்கள் லயத்துக்குப் பின்னால் கொட்டில் போட்டு இரண்டு பசு வளர்க்கிறோம். கொழுந்து எடுத்துவிட்டு வந்து புல்லும் வெட்ட வேண்டும். பால் விலை மாட்டுத் தீனிக்கே சரியாகிவிடுகிறது. ஜப்பானில் ஒரு கன்றுக்குட்டியே இலட்சக் கணக்கில் போகிறதாம். மகன் போனில் காட்டினான். அவர்கள் மாட்டில் அப்படி என்ன இருக்கிறது? அந்த மாட்டை இங்கே கொண்டுவந்து வளர்க்க முடியாதா?
வாசகி, தலவாக்கலை

பதில்: தங்கச்சி, வந்த கடிதங்களில் என்னை அதிகம் யோசிக்க வைத்தது உங்களுடையது. நானும் நோர்வூட் பக்கத்தில் ஒரு தோட்டத்தில் மாட்டுக்கொட்டில் வாசத்தில் வளர்ந்தவன். அம்மா பெரட்டுக்குப் போகுமுன் பால் கறந்து வைப்பார். ஆகவே இதை அக்கறையோடு சொல்கிறேன்.

மகன் காட்டியது உண்மை. ஜப்பான் ஏலத்தில் ஒரு கறுப்புக் கன்று பல இலட்சம் யென் போகிறது. அந்தக் கன்றை விற்பவர் பெரிய கம்பனி என்று நினைக்காதீர்கள். கன்று ஈன வைக்கும் வேலையைச் செய்கிறவர்களில் நிறையப் பேர் சில பசுக்களை வைத்திருக்கும் சிறு விவசாயிகள், அதிலும் வயதானவர்கள். அவர்கள் கன்றை ஒன்பது பத்து மாதம் வளர்த்து ஏலத்துக்குக் கொண்டுபோவார்கள். கொழுக்க வைக்கிற பண்ணைக்காரர் வாங்கி, ஏறக்குறைய 30 மாத வயது வரை வைக்கோலும் தானியத் தீனியும் போடுவார். கொழுப்பு சதைக்குள்ளே நூல் நூலாக இறங்க வேண்டும் என்பதற்காக உயிர்ச்சத்து ஏயைக்கூட அளந்துதான் கொடுப்பார்கள். மாட்டுக்கு பியர் கொடுத்து உடம்பு பிடித்துவிடுகிறார்கள் என்று மகன் எங்காவது பார்த்திருப்பான். எல்லாப் பண்ணையிலும் அப்படி நடப்பதில்லை. அது கேட்க நன்றாக இருக்கிற கதை. அந்தக் கொழுப்பு குறைந்த சூட்டிலேயே உருகும், கையில் வைத்திருந்தாலே பிசுபிசுக்கும். அதற்கு மாட்டின் வம்சமும் அந்த நீண்ட தீனியும்தான் காரணம்.

ஆனால் விலைக்கு இன்னொரு காரணம் இருக்கிறது, அதைத்தான் நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும். கன்று பிறந்ததும் அதன் மூக்கு ரேகையை மையில் ஒற்றிப் பதிவு செய்வார்கள். மனிதனுக்குக் கைரேகை மாதிரி மாட்டுக்கு மூக்கு ரேகை, ஒன்றுக்கு ஒன்று ஒத்துப்போகாது. தாய் யார், தகப்பன் யார், தாத்தா யார் என்று பத்திரத்தில் எழுதியிருக்கும். அது இல்லாத கன்றுக்கு ஏலத்தில் மதிப்பில்லை. 2001 செப்டெம்பரில் ஜப்பானில் முதல் தடவையாகப் பைத்திய மாட்டு நோய் கண்டுபிடிக்கப்பட்டது. சனங்கள் மாட்டிறைச்சியைத் தொடவே பயந்தார்கள். அந்தப் பயத்தைப் போக்க 2003இல் சட்டம் கொண்டுவந்தார்கள். நாட்டில் உள்ள ஒவ்வொரு மாட்டுக்கும் பத்து இலக்கம், இரண்டு காதிலும் தகடு. இறைச்சிக் கடையில் தட்டில் வைக்கும் சீவலிலும் அந்த இலக்கம் இருக்க வேண்டும். கடையில் நிற்கும் பெண் அதைப் போனில் போட்டு, எந்த மாகாணத்தில் பிறந்த மாடு என்று பார்த்துவிட்டு வாங்கலாம். மலையடிவாரத்தில் இரண்டு பசு வைத்திருக்கும் கிழவியின் உழைப்பு, டுபாய் ஹோட்டலில் என் வெட்டுப் பலகை வரைக்கும் அடையாளம் அழியாமல் வந்தது. அந்த இலக்கத்துக்காகத்தான் நாங்கள் அவ்வளவு காசு கொடுத்தோம்.

இப்போது நம் பக்கம் பாருங்கள். நீங்கள் எடுக்கிற கொழுந்து கொழும்பு ஏலத்துக்குப் போகும்போது தோட்டத்து மார்க்கோடு போகிறது. 1883இலிருந்து அந்த ஏலம் நடக்கிறது. தோட்டத்தின் பெயர் உலகத்துக்குத் தெரியும், எடுத்த கை யாருடையது என்று தெரியாது. பால் அதைவிட மோசம். சேகரிக்கும் இடத்தில் கேனில் ஊற்றிய நிமிடமே உங்கள் பசுவின் பாலும் பக்கத்து லயத்துப் பசுவின் பாலும் ஒன்றாகிவிடும். நீங்கள் சுத்தமாகக் கறந்தீர்களா, தண்ணீர் கலக்காமல் கொடுத்தீர்களா என்று அதன் பிறகு யாருக்கும் தெரியாது. இதை நினைத்தால் எனக்கு உண்மையிலேயே கோபம் வருகிறது.

அந்த மாட்டைக் கொண்டுவரலாமா என்று கேட்டீர்கள். ஜப்பானில் அதற்குக் கதவை மூடிவிட்டார்கள். 1976இல் நான்கு காளைகள் அமெரிக்காவுக்குப் போனதும் 90களில் இன்னும் சில போனதும்தான் அவுஸ்திரேலியா, அமெரிக்கா வாக்யூவின் ஆரம்பம். அதைப் பார்த்துப் பட்ட பாட்டில், விந்தும் கருவும் கைமாறுவதைக் கட்டுப்படுத்த 2020இல் சட்டமே செய்தார்கள். வேறு நாடுகளிலிருந்து விந்து கிடைக்கலாம். ஆனால் 30 மாதம் பால் தராமல் தின்னும் மாட்டுக்குத் தீனி வாங்க லயத்தில் யாரிடம் காசு இருக்கிறது? அதை வாங்கி அறுத்து விற்க எங்கே இடம் இருக்கிறது? உங்கள் வீட்டுப் பசு ஃப்ரீசியனோ ஜேர்சியோ கலந்ததாக இருக்கும். நம் குளிருக்குப் பழகிய பால் மாடு அது. அம்பேவெலவில் அந்த இனங்களை வைத்துத்தான் பெரிய பண்ணை நடத்துகிறார்கள். அதையே விடாதீர்கள்.

அந்தக் கிழவியிடமிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது அவள் வைத்திருக்கும் கொப்பி. பள்ளிக்கூடக் கொப்பி ஒன்றை எடுங்கள், மகனிடம் கோடு போடச் சொல்லுங்கள். பசுவுக்கு ஒரு பக்கம். எப்போது சினைப்படுத்தியது, எந்த விந்துக் குழாய் இலக்கம், எப்போது ஈன்றது, தினம் காலை மாலை எத்தனை லீட்டர், என்ன மருந்து போட்டது. செயற்கை முறைச் சினைப்படுத்த வரும் உத்தியோகத்தர் துண்டு கொடுத்தால் அதையும் ஒட்டி வையுங்கள். பாலுக்கு விலை கொழுப்பும், கொழுப்பில்லாத திண்மமும் பார்த்துத்தான் போடுகிறார்கள். அந்த அளவைக் கேட்டு எழுதுங்கள். கேட்பது உங்கள் உரிமை. இரண்டு மாதம் எழுதினாலே எந்தப் பசுவின் பாலில் கொழுப்பு கூட, எந்தத் தீனி போட்ட வாரம் ஏறியது, எந்த வாரம் விலை காரணமில்லாமல் குறைந்தது என்று உங்களுக்குத் தெரியும். கன்றை விற்கும்போதும், “இதன் தாய் இத்தனை லீட்டர் கறந்தது, பாருங்கள்” என்று கொப்பியைக் காட்டிப் பேசலாம். தரகர் சொல்லும் விலைக்குத் தலையாட்ட வேண்டியதில்லை. லயத்தில் ஐந்து ஆறு பேர் சேர்ந்து எழுதினால் இன்னும் நல்லது, பால் சபையோடு பேசும்போது ஐந்து கொப்பியும் மேசையில் இருக்கும். எழுதிப் பார்த்துவிட்டு எனக்கு மறுபடி கடிதம் போடுங்கள் தங்கச்சி, நான் காத்திருப்பேன்.

கேள்வி: ஜப்பான் வாக்யூ நாங்கள் சாப்பிடலாமா? ஹலாலா?
வாசகர், கம்பளை

பதில்: ஹலால் முறையில் அறுத்த ஜப்பான் வாக்யூ உண்டு. வளைகுடா நாடுகளுக்கு அதுதான் வருகிறது, டுபாயில் நான் வெட்டியதும் அதுதான். ஏ5 என்ற முத்திரை ஹலாலைப் பற்றி ஒன்றும் சொல்லாது, தனிச் சான்றிதழ் இருக்க வேண்டும். இறைச்சி ஹலாலாக இருந்தாலும், ஜப்பானியச் சமையலில் சாகே, மிரின் என்ற அரிசி மது ஊற்றும் பழக்கம் உண்டு. குசினியில் அதையும் கேட்டுக்கொள்ளுங்கள் நானா.

கேள்வி: நீங்கள் கோயில் திருவிழாவுக்குக் காப்புக் கட்டுகிறவர் என்று கேள்விப்பட்டேன். பசுவைக் கும்பிடும் சமூகத்தில் பிறந்துவிட்டு மாட்டிறைச்சியைப் பற்றி இவ்வளவு எழுதுவது உங்களுக்கு உறுத்தவில்லையா?
வாசகர், பதுளை

பதில்: நீங்கள் கேட்டதில் தவறில்லை ஐயா. எங்கள் வீட்டில் மாட்டிறைச்சி சமைப்பதில்லை. அம்மா இருந்தவரை வீட்டுக்குள் அந்தப் பேச்சும் இல்லை. வேலைக்காக ருசி பார்த்திருக்கிறேன், அதை அம்மாவிடம் சொல்லியும் இருக்கிறேன். “உன் பிழைப்பு அது, வாசலில் குளித்துவிட்டு உள்ளே வா” என்றார். இன்றும் அப்படித்தான் நடக்கிறேன்.

மலையகத்தில் சாப்பிடுகிற தமிழரும் இருக்கிறார்கள், சாப்பிடாதவரும் இருக்கிறார்கள். ஒரே லயத்தில் பக்கத்துப் பக்கத்துக் காம்பராவில் இருக்கிறார்கள். போயா தினத்தில் எல்லா இறைச்சிக் கடையும் மூடியிருக்கிறது, அதையும் எல்லோரும் ஏற்றுக்கொண்டுதான் வாழ்கிறோம். யாரையும் சாப்பிடுங்கள் என்று இந்தப் பக்கத்தில் நான் எழுதியதில்லை, எழுதவும் மாட்டேன். ஆனால் நம் பிள்ளைகள் நூற்றுக்கணக்கில் ஹோட்டல் குசினிகளுக்கு வேலைக்குப் போகிறார்கள். அங்கே இந்த இறைச்சி அவர்கள் கைக்கு வருகிறது. அறியாமல் நின்றால் பாத்திரம் கழுவுவதோடு நின்றுவிடுவார்கள். அறிந்து நின்றால் கத்தி கைக்கு வரும். அதற்காக எழுதுகிறேன். உயிரை எடுத்த பிறகு ஒரு துண்டையும் வீணாக்காமல், அது எங்கே வளர்ந்தது என்று மறைக்காமல் வேலை செய்வதை அந்த உயிருக்குச் செய்யும் மரியாதையாகவே நினைக்கிறேன்.

கேள்வி: அண்ணா, டுபாய் ஹோட்டல் ஒன்றில் இறைச்சிப் பகுதியில் உதவியாளர் வேலை கிடைத்திருக்கிறது. அடுத்த மாதம் பயணம். வாக்யூவைக் கையில் கொடுத்தால் எப்படி வெட்டுவது? திட்டு வாங்காமல் இருக்க என்ன செய்ய வேண்டும்?
வாசகர், பண்டாரவளை

பதில்: வாழ்த்துகள் தம்பி. முதல் மாதம் உங்கள் கையில் கொடுக்க மாட்டார்கள், பயப்படாதீர்கள். பக்கத்தில் நின்று பாருங்கள்.

பொதி வந்ததும் முதல் வேலை வெப்பமானி. பெட்டிக்கு வெளியே எழுதியிருப்பதை நம்பாமல், இரண்டு பொதிக்கு நடுவே வைத்துப் பாருங்கள். அடுத்தது லேபல். பத்து இலக்கம், அறுத்த இடம், பொதி செய்த திகதி, நிறை. சான்றிதழில் உள்ள இலக்கமும் பொதியில் உள்ள இலக்கமும் ஒன்றா என்று விரல் வைத்து வாசியுங்கள். வேறுபட்டால் கையெழுத்துப் போடாமல் மேலே உள்ளவரைக் கூப்பிடுங்கள். எவ்வளவு அவசரம் என்று லொறிக்காரர் கத்தினாலும் சரி. பொதிக்குள் நிற்கும் சிவப்பு நீரைப் பார்த்து இரத்தம் என்று கழுவப் போகாதீர்கள். அது இறைச்சியின் நிறச்சத்து கலந்த நீர். துணியால் ஒற்றி எடுத்தால் போதும்.

வெட்டும்போது இறைச்சி நல்ல குளிரில் இருக்க வேண்டும். குளிரறையிலிருந்து வெட்டப் போகும் துண்டை மட்டும் எடுங்கள், முழுவதையும் மேசையில் பரப்பினால் கொழுப்பு இளகி, கத்தியில் ஒட்டி, துண்டின் முகம் கலைந்துவிடும். நீளமான கத்தி, ஒரே இழுப்பு. மரம் அறுக்கும் வாள் மாதிரி முன்னும் பின்னும் ஆட்டக் கூடாது. விருந்தாளிக்குச் சாதாரண மாட்டில் 250, 300 கிராம் கொடுக்கும் கடைகூட ஏ5இல் 80, 100 கிராம்தான் கொடுக்கும், அதற்கு மேல் யாராலும் திகட்டாமல் சாப்பிட முடியாது. ஆகவே ஒரு துண்டில் 10 கிராம் கூடினாலும் கணக்கு உதைக்கும். ஒவ்வொன்றையும் நிறுங்கள்.

ஓரத்தில் சீவிய கொழுப்பைக் குப்பையில் போட்டால் திட்டு நிச்சயம். சோறு வதக்க, தோசைக்கல் மாதிரி இருக்கும் தெப்பான்யாக்கித் தட்டில் தடவ, அரைத்த இறைச்சியில் கலக்க, எல்லாவற்றுக்கும் அது வேண்டும். தனிப் பெட்டி, அதில் அதே இலக்கம், திகதி. வெட்டி முடிந்த பிறகும் லேபலைக் கிழித்துப் போடாதீர்கள். அந்த மாட்டின் கடைசித் துண்டு விற்று முடியும்வரை கோப்பில் இருக்கட்டும். விருந்தாளி கேட்டால் எடுத்துக் காட்ட வேண்டியது அதுதான்.

பயணத்துக்கு முன் இரண்டு விடயம். உங்களை அனுப்பும் ஏஜென்சி வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தில் பதிவு செய்ததா என்று பாருங்கள். ஒப்பந்தத்தில் பதவி, சம்பளம், சாப்பாடு, தங்குமிடம், லீவு எல்லாம் எழுத்தில் இருக்கிறதா பாருங்கள். குசினி உதவியாளர் என்று பொதுவாக மட்டும் எழுதியிருந்தால், இறைச்சிப் பகுதி என்று சேர்க்கச் சொல்லிக் கேளுங்கள். இல்லாவிட்டால் அங்கே போனதும் எந்தப் பகுதியிலும் போடுவார்கள். சேர்க்க மறுத்தால் கையெழுத்துப் போடுமுன் ஒப்பந்தத்தின் பிரதியை இந்தப் பத்திரிகை முகவரிக்கு எனக்கு அனுப்புங்கள், வாசித்துப் பதில் போடுகிறேன்.